கோவாப்பூ வைத்தியம்

ஆண்டியப்பனுக்குக் கால் போனது தேயிலையில். பிழைப்பு வந்தது பூவில். இரண்டையும் கொடுத்தது ஒரே தோட்டம் என்பதால், யாரைத் திட்டுவது, யாரைக் கும்பிடுவது என்று அவருக்குக் கடைசிவரை தெளிவு பிறக்கவில்லை.

இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேசனிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், ஏறினால் பனிச்சமலைத் தோட்டம். அறுபத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே அவர் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். வயதேறிய தேயிலைச் செடியை மொட்டையடித்து மறுபடி துளிர்க்கவைக்கும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். ஈரத்தில் கத்தி வழுக்கி இடது குதிகால் நரம்பில் இறங்கியது. செடி துளிர்த்தது, நரம்பு துளிர்க்கவில்லை. அன்றிலிருந்து சமதரையில் நொண்டுவார், ஏற்றத்தில் நின்றுவிடுவார், இறக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தேயிலைத் தோட்டத்திலோ சமதரை என்று இருப்பவை மூன்றே இடங்கள்: காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், தொழிற்சாலை, துரை பங்களா. முதலாவதில் யாரும் வேலை செய்வதில்லை. இரண்டாவதில் நொண்டிக்கு இடமில்லை. மூன்றாவதில் அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரைச்சாணிக்குப் பூந்தோட்டத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

பங்களாவின் முன்புறம் நாற்பத்திரண்டு புதர்கள். துரைச்சாணி அவற்றை ஹைட்ரேஞ்சியா என்பார். அந்தச் சொல், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் நாக்குகளில் ஏற மறுத்தது. மலைநாட்டில் முட்டைக்கோஸுக்குக் கோவா என்று பெயர். அகன்ற இலைகளுக்கு நடுவே உருண்டு திரண்டு உட்கார்ந்திருந்த பூவைப் பார்த்த யாரோ ஒருவர் 'கோவாப்பூ' என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது. தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் அது கோவாப்பூதான். நிறம் நீலம். ஏன் நீலம் என்று யாரும் கேட்டதில்லை. வானத்தையும் யாரும் கேட்பதில்லை.

நாற்பத்திரண்டு புதர்கள் என்றால், ஆண்டியப்பனின் பேர் செக்ரோலில் இருப்பதற்கு நாற்பத்திரண்டு காரணங்கள். செக்ரோல் என்பது வேலையாட்களின் பேர்ப்புத்தகம். அதில் பேர் இருக்கிறவரைக்கும் லயத்தில் காம்பரா என்ற ஓர் அறை, ஆஸ்பத்திரியில் மருந்து, செத்தால் பெட்டிக்குப் பலகை. 'பேரு வெட்டுறது' என்று தோட்டத்தில் சொன்னால், ஆளை உயிரோடு வைத்துக்கொண்டே காணாமல் ஆக்குவது என்று அர்த்தம்.

அவருக்கு எழுத்து தெரியாது, இலை தெரியும். இலைமேல் மாவு தூவினாற்போல் வெள்ளை படிந்தால், புதருக்குள் காற்றோட்டமில்லை என்று பொருள். உள்ளே நெருங்கிய கொப்புகளைக் களைந்து, பட்ட இலைகளைப் பொறுக்கி எரித்துவிட்டு, சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவார். இலை வெளிறி, அடியில் நூலாம்படை மினுங்கினால் சிவப்புச் சிலந்தி. தேயிலையைத் தின்று அலுத்துப்போன சிலந்திதான் மாற்றுச் சாப்பாட்டுக்குப் பங்களாவுக்கு வருகிறது என்பது அவர் கட்சி. இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கம் பலமாகத் தண்ணீர் பீச்சுவார், நாலு நாள் விடாமல். துளிரில் பச்சைப் பேன் மொய்த்து எறும்பு ஊர்வலம் போனால் சவர்க்கார நுரைத் தண்ணீர். ஓடில்லாத நத்தைக்கு நனைத்த சாக்கு: மாலையில் விரித்து, காலையில் திருப்பினால் சங்கக் கூட்டத்துக்கு வந்ததுபோல் அத்தனையும் அதனடியில் கூடியிருக்கும். மற்றபடி, தொழிற்சாலைக் கழிவுத் தேயிலைத் தூளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வேரில் கொட்டுவார். அது வைத்தியமில்லை. கொட்ட வேறு இடமில்லை.

இந்த அழகில் ஒன்பது ஆண்டுகள் ஓடின. எழுபத்தைந்தின் கடைசியில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை நாய் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனார். துரைச்சாணி ஒவ்வொரு புதராகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். தோட்டம் இனி மக்களுக்கே சொந்தம் என்று பெரட்டுக்களத்தில் ஒருவர் பேசினார். மக்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வழக்கம்போல் கொழுந்தெடுக்கப் போனார்கள்.

புதிய துரை சிங்களவர், இளைஞர், கவலைக்காரர். குடும்பம் கொழும்பில். பூவில் அவருக்கு அக்கறை கிடையாது. வேலை நிலைப்பதில் உண்டு. ஏப்ரலில், தோட்டங்களை நடத்த அரசாங்கம் அமைத்த சபையின் தலைவர் குடும்பத்தோடு வந்து தங்குவார் என்று கடிதம் வந்ததும் பூவிலும் அக்கறை பிறந்தது. அப்போது ஆட்சியிலிருந்த கட்சியின் நிறம் நீலம். கூட்டணியிலிருந்த சிவப்புக்காரர்களை வெளியே அனுப்பி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. பழைய துரை விட்டுப்போன படமொன்றில் பங்களாவைச் சுற்றி நீலம் கரைபுரண்டு ஓடியதை அவர் கண்டார்.

ஆண்டியப்பனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். துரைமார் தமிழ் எப்போதும் ஒரு மாதிரி. ஆனால் அர்த்தம் பிசகாது.

"ஆண்டி, இது என்ன?"

"கோவாப்பூங்க தொரைங்களே."

"நிறம்?"

"நீலங்க."

"ஏப்ரல் மாசம் சேர்மன் வருது. நீலம் இருந்தா நீ இருக்கு. நீலம் இல்லே, நீ மலைக்குப் போ. இந்தத் தோட்டத்துக்குப் பூக்காரன் வேணுமா வேணாமா, அன்னைக்குப் பாக்கிறது."

'மலைக்கு' என்றால் தேயிலை மலைக்கு. ஏற்றத்தில் நின்றுவிடும் மனிதரை மலைக்கு அனுப்புவதும் பேர் வெட்டுவதும் ஒன்றுதான். நடுவில் சில மாதங்கள் வரும், அவ்வளவுதான்.

லயத்துக்கு வந்து மனைவி அம்மாக்கண்ணுவிடம் சொன்னார். அவள் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்தாள்.

"அது தானா நீலமாத்தானே பூக்குது? எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க?"

"எலையில புள்ளி விழுந்திருக்கு புள்ள."

"போன வருசமும்தான் விழுந்துச்சு."

விழுந்ததுதான். ஊதா விளிம்புபோட்ட பழுப்புப் புள்ளி. ஒவ்வொரு மார்கழியும் மூடுபனியோடு வரும், வெயில் ஏறியதும் போகும். நடுவில் அவர் பட்ட இலைகளைக் கிள்ளி எரிப்பார். ஒன்பது வருடமாகத் தெரிந்த நோய். ஆனால் இதற்குமுன் எந்தப் புள்ளியிலும் அவருடைய பேர் எழுதியிருக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்க்கப் பார்க்க அவை பெருகின. பயந்தவனுக்கு முதலில் மறந்துபோவது தனக்குத் தெரிந்த வைத்தியம்.

தை மாதம் விவசாய உத்தியோகத்தர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். முந்திய வருடங்களில் மாவுக்கும் மரவள்ளிக்கும் அலைந்து ஆட்கள் பட்ட பாட்டை நினைத்து, லயத்து வாசலில் எல்லோரும் காய்கறி போடவேண்டும் என்று சொல்லி வந்தவர். நல்ல மனிதர். மோட்டார் சைக்கிள், தோல்பை, துண்டுப் பிரசுரம். பெரட்டுக்களத்தில் பேசி முடித்து அவர் கிளம்பும்போது ஆண்டியப்பன் நொண்டி நொண்டி எதிரே வந்து நின்றார்.

கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி பக்கத்தில்தான் இருந்தார். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அவரைத் துணைக்கு அழைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கணக்கப்பிள்ளையிடம் ஓர் உதவி கேட்டால் அது நாலு வருடத்துக்கு நிலுவையில் நிற்கும். அதனால் ஆண்டியப்பன் தாமே சிங்களத்தில் பேசுவது என்று தீர்மானித்தார். பூவுக்குச் சிங்களத்தில் 'மல்'. கோவாவுக்குச் சிங்களத்திலும் 'கோவா'. இரண்டையும் ஒட்டவைத்தால் வேலை முடிந்தது.

"மாத்தையா, மல்கோவாவுக்கு லெட" என்றார். ஐயா, மல்கோவாவுக்கு நோய் என்கிறாராம்.

மலைநாட்டில் வேலைபார்க்கும் எந்த விவசாய உத்தியோகத்தருக்கும் மல்கோவா என்றால் ஒன்றுதான்: பூக்கோவா. குழம்பில் போடும் காலிஃபிளவர். அவருடைய முகம் மலர்ந்தது. அன்றைக்கு முழுதும் அவரிடம் வந்து ஒரு பயிரைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர். அவரும் மரியாதைக்குத் தமிழிலேயே பேசினார்.

"மல்கோவா போட்டிருக்கா? எத்தனை?"

"நாப்பத்திரண்டுங்க."

"பூ எவ்வளவு பெரிசு?"

ஆண்டியப்பன் இரண்டு கைகளாலும் காட்டினார். ஒரு குழந்தையின் தலையளவு.

உத்தியோகத்தர் தோல்பையைக் கீழே வைத்தார். "அவ்வளவு பெரிசா? எங்க?"

"தொரை பங்களாவுலங்க."

"ஆ, விக்கிறதா, வீட்டுக்கா?"

"விக்கிறதெல்லாம் இல்லீங்க. தொரை மேசைக்குத்தான். சாப்பாட்டு மேசையில வைப்பாங்க."

"நல்லது. இலையில புள்ளியா? இந்த மலையில எல்லாம் மண்ணு புளி. மண்ணு புளிச்சா கோவா வராது. சுண்ணாம்பு போடு. ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு கை. பதினைஞ்சு நாளைக்கு ஒரு வாட்டி. அந்தத் தேயிலைக் குப்பை கிப்பை போடாதே, அது இன்னும் புளி."

"நெறம் கெடாம வருங்களா மாத்தையா?"

"சுத்தமா வரும்."

ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார். அச்சிட்ட தமிழ். ஆண்டியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கொண்டுபோய் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். இருவரும் சரியாகப் பேசினார்கள், சரியாகக் கேட்டுக்கொண்டார்கள், சரியான பதிலும் கிடைத்தது. செடி ஒன்றுதான் வேறு.

சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, சேர்மன் வருகைக்காகப் பங்களாவுக்கு வெள்ளையடிக்க மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. ஆண்டியப்பன் புதருக்கு இரண்டு கை என்ற கணக்கில் போட்டு, கொத்திவிட்டு, தண்ணீர் ஊற்றினார். கழிவுத் தேயிலைத் தூளை ஒன்றுவிடாமல் வாரி வெளியே கொட்டினார். மாசியில் வெயில் ஏறியது, புள்ளி மறைந்தது. எந்த வருடமும் அப்படித்தான் மறையும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தும், இந்த முறை அந்தப் புண்ணியத்தைச் சுண்ணாம்புக்கே கொடுத்தார். பிறகு இலை மஞ்சளித்தது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் வாழைப்பழத் தோல்போல வெளுத்தது. சிலந்தியா என்று திருப்பிப் பார்த்தார், இல்லை. பேனா என்று துளிரைப் பார்த்தார்; இல்லை. வேரில் புழுவா என்று ஒரு பக்கம் தோண்டிப் பார்த்தார், அதுவும் இல்லை. தெரிந்த எதிரி ஒருவனும் இல்லாததால், மருந்து போதவில்லை என்று முடிவுகட்டி நாலு கையாக்கினார்.

பங்களாவின் சமையல்காரர் அலோசியஸ், எல்லோருக்கும் அப்பு, குசினி வாசலில் நின்று இதையெல்லாம் கவனித்தார். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், அந்த இரண்டையும் பிறர் மறந்துவிட விடாதவர்.

"என்ன ஆண்டி, செவுத்துக்கு அடிக்கச் சொன்னா செடிக்கு அடிக்கிற?"

"வைத்தியம் அப்பு. மாத்தையா சொன்னது."

"வெத்தலையும் பாக்கும் வச்சிட்டா செடி நல்லா மெல்லும்."

பங்குனித் தொடக்கத்தில் மொட்டுக் கட்டியது. முதலில் பச்சை, பிறகு பால்வெள்ளை. அதுவரை எல்லாம் வழக்கம்போல. அடுத்து நீலம் ஏறவேண்டும். வாசலோரத்து முதற்புதரில் ஏறியது நீலமல்ல. காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னத்தில் ஏறுமே, அந்தச் சிவப்பு. ஆண்டியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு புதர் என்றால் விதி எனலாம். ஒரு வாரத்தில் நாற்பத்திரண்டும் இளஞ்சிவப்பாகிவிட்டன. சேர்மன் வர ஒன்பது நாள் இருந்தது.

மாரியம்மனுக்குப் பின்னாலிருந்து பிரசுரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடினார்; அதாவது, அவரால் எப்படி ஓட முடியுமோ அப்படி.

அலோசியஸ் கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, பூசை வாசிப்பதுபோல் வாசித்தார். "'பூக்கோவாச் செய்கை. பூ வெளிவந்ததும் வெயில் படாதவாறு சுற்றியுள்ள இலைகளை அதன்மேல் மடித்துக் கட்டவும். பூ இறுக்கமாக இருக்கும்போதே அறுவடை செய்து சந்தைக்கு அனுப்பவும்.' ஆண்டி, இது என்னது? இது காய்கறியப்பா. நான் பால்கறி வைக்கிறேனே, அது."

ஆண்டியப்பன் பிரசுரத்தைத் திரும்ப வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"அவருகிட்ட நீ என்னான்னு சொன்ன?"

"கோவாப்பூன்னுதான் சொன்னேன். சிங்களத்துல."

அப்பு சிரிக்க ஆரம்பித்தார். எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்தவும் முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து, "சரி, மண்ணு புளின்னுதானே சுண்ணாம்பு போடச் சொன்னாரு? அப்ப திரும்பப் புளிக்க வச்சா?" என்றார்.

புளித்த மண்ணில் நீலம், புளிப்பு போனால் சிவப்பு என்பதுதான் அந்தப் பூவின் குணம்; அது தெரியாமலே படித்தவன் சொன்ன யோசனை. அன்று மாலை ஆண்டியப்பன் காம்பராவிலிருந்த புளியை முழுதாக எடுத்துக் கரைத்தார். அம்மாக்கண்ணு வந்து பானையைப் பார்த்தாள்.

"என்னங்க, கொழம்புக்கு வச்ச புளி எங்க?"

"செடிக்கு."

"செடிக்கு என்ன, மசக்கையா?"

"பேரு போயிரும் புள்ள."

அவள் பானையின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள். மறுநாள் கொழுந்து மலையில் நாலு பேரிடம் இரவல் வாங்கி, முந்தானையில் முடிந்து இன்னும் கொஞ்சம் புளி கொண்டுவந்து வைத்தாள். மூன்று நாள் ஊற்றினார்கள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, கழிவுத் தேயிலைத் தூளைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்று மாதம் தின்ற சுண்ணாம்பை மூன்று நாளில் கக்கிவிட மண் என்ன பூனையா? எட்டாம் நாள் அப்புவின் இன்னொரு யோசனைப்படி டோபியிடம் சலவை நீலம் வாங்கி ஒரு பூவை அதில் முக்கிப் பார்த்தார். பூ, பழைய சட்டையின் கழுத்துப்பட்டி மாதிரி ஆயிற்று. அதை வெட்டி எறிந்துவிட்டுக் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

துரை அதற்குள் பார்த்துவிட்டார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. படிக்கட்டில் நின்று பூக்களையே பார்த்தார். சிவப்பு என்று சொல்லவும் முடியாது, சிவப்பில்லை என்று சொல்லவும் முடியாது. வெளியே போன கட்சிக்கு மறைமுகமாக ஆதரவு தெரிவிப்பதுபோல் ஒரு நிறம்.

"பெரிய ஆள் போகட்டும்" என்றார். "பிறகு உன் கதை."

சேர்மன் வந்தார். பின்னால் அவர் மனைவி, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, கையில் விசிறி. ஆண்டியப்பன் குரோட்டன் வேலிக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நின்றார். ஏதாவது கையில் இருந்தால்தான் ஒரு மனிதன் நிற்பதற்குக் காரணம் இருக்கும். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். துரை பூப்பக்கம் கையைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சேர்மனோடு வந்த அந்த அம்மா அதைக் கேட்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றினார். படியிறங்கினார். ஒரு பூவைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு கணவரைக் கூப்பிட்டு நீளமாகப் பேசினார்.

அந்தப் பேச்சின் சாரத்தைத் தேநீர்த் தட்டோடு நின்றிருந்த அப்புதான் பிறகு சொன்னார். நுவரெலியாவிலிருந்து அட்டன்வரை எந்தப் பங்களாவுக்குப் போனாலும் இந்தப் பூ நீலம், நீலம், நீலம். பார்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. இந்த மலையில் இளஞ்சிவப்பு வரவே வராது என்று எல்லோரும் சொன்னார்கள். இங்கே மட்டும் எப்படி?

துரையின் வாட்டம் நொடியில் சிரிப்பாக மாறியது. மண்ணைப் பரிசோதித்து, விசேஷமாகப் பக்குவம் செய்தோம் என்றார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி ஆண்டியப்பனைக் கூப்பிட்டார்.

"என்ன போட்டது?" என்று அம்மா சிங்களத்தில் கேட்டார்.

'சுண்ணாம்பு' என்பதற்குச் சிங்களச் சொல் ஆண்டியப்பனுக்குத் தெரியும். வெற்றிலை போடுகிற எல்லோருக்கும் தெரியும். "ஹுணு, நோனா" என்றார். மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் நேரவில்லை.

அம்மா தலையசைத்துப் பாராட்டினார். துரை ஆண்டியப்பனின் தோளில் தட்டினார். பத்து வருடத்தில் ஒரு துரை அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு லயத்துக்கு வந்து அவர் இரண்டு தடவை சோறு கேட்டார். புளியில்லாத குழம்புதான்.

"பேரு நிக்கும் புள்ள."

"தட்டுனாருன்னா நிக்குமா?"

"தட்டுனாருல்ல."

சேர்மன் போன பதினாறாம் நாள் லொறி வந்தது. சேர்மனுக்கு நுவரெலியாவில் ஒரு பங்களா. அதன் முற்றத்துக்கு இந்தப் பூ வேண்டுமாம். பதியன் வைத்து வேர்விட்டு வளரும்வரை காத்திருக்க அம்மாவுக்குப் பொறுமையில்லை. துரைக்கும் கொடுக்க மனமில்லாமல் இல்லை. நாற்பத்திரண்டையும் வேர்மண்ணோடு தோண்டி அனுப்பச் சொல்லி உத்தரவு. தோண்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். ஆண்டியப்பன் இரண்டு நாள் தோண்டினார். பூத்து நிற்கிற செடியை இடம் மாற்றினால் வாடிவிடும் என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை, "ஓங்கிட்ட யாரும் கேக்கலியே" என்றார். உண்மைதான். ஒவ்வொரு வேரையும் நனைத்த சாக்கில் கட்டினார், நத்தை பிடிக்கப் போடும் அதே சாக்கில். பூக்களை வெட்டி, தண்டைக் குறுக்கி, இலையைப் பாதியாக நறுக்கிவிட்டார், வேருக்குப் பாரம் குறையட்டும் என்று. லொறி வட்டகொடைப் பாதையில் இறங்கித் திரும்பும்வரை அவர் கேட்டடியில் நின்றார். கணேசமூர்த்தியும் நின்றார்.

"ஆண்டியப்பன், நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்துரு."

"பெரட்டுக்கா, ஏங்க ஐயா?"

"பூ இல்லாத எடத்துல பூக்காரன் எதுக்குன்னு தொரை கேட்டாரு. நான் என்ன சொல்ல? நீயே சொல்லு."

அவர் யோசித்துப் பார்த்தார். நீலம் வராவிட்டால் மலைக்குப் போ என்றார்கள்; நீலம் வரவில்லை, அதனால் பாராட்டினார்கள்; பாராட்டிவிட்டு மலைக்குப் போகச் சொன்னார்கள். சொன்ன சொல்லைத் துரை காப்பாற்றித்தான் இருந்தார்.

மறுநாளிலிருந்து மலை. பேரை முழுதாக வெட்டவில்லை. அது கணக்கப்பிள்ளையின் தயவு, அல்லது தயவுபோல் தோன்றிய சோம்பல். ஏற்றத்தில் நின்று நின்று போவதால் மற்றவர்கள் ஒரு நிரை களையெடுத்து முடிக்கும்போது அவர் பாதியில் இருப்பார். பாதி வேலைக்குச் செக்ரோலில் விழுவதை 'அரைப் பேரு' என்பார்கள். பிறந்ததும் தாயும் தகப்பனும் முழுதாக வைத்த பேரில் இப்போது அன்றாடம் பாதிதான் விழுந்தது. எந்தப் பாதி என்று அப்பு ஒருநாள் கேட்டார். ஆண்டியா, அப்பனா? அப்பன் ஆகாதவர் என்பதால் ஆண்டிதான் என்று அவரே பதில் சொன்னார். குழந்தையில்லாத அம்மாக்கண்ணு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்பு தாமதமாகத்தான் கவனித்தார்.

பங்களா முற்றம் சும்மா கிடக்கலாமா? உணவுப் பயிர் போடச் சொல்லி மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருந்தது. கோவா போட்டார்கள், நிஜமான கோவா. ஆவணியில் அது திரண்டு வந்ததைப் பார்க்கத் தலவாக்கலையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். புளிப்பெல்லாம் போய்ப் பக்குவப்பட்டுக் கிடந்த மண். அந்த மலையிலேயே அப்படியொரு கோவாவை யாரும் பார்த்ததில்லை. விவசாய உத்தியோகத்தரும் மோட்டார் சைக்கிளில் வந்தார். களையெடுத்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்த ஆண்டியப்பனை அடையாளம் கண்டு நிறுத்தினார்.

"சுண்ணாம்பு போட்டியா?"

"போட்டேங்க மாத்தையா."

"பாத்தியா" என்றார் அவர், மனம் நிறைந்து. தம் உத்தியோகத்தில் தம் பேச்சைக் கேட்ட ஒரே ஆள். ஆண்டியப்பன் அவரைத் திருத்தவில்லை. எங்கிருந்து தொடங்கித் திருத்துவது?

அடுத்த வருடம் பங்குனியில் கணக்கப்பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பினார். ஆண்டியப்பன் உடனே பங்களாவுக்கு வரவேண்டுமாம். களைமுள்ளைப் போட்டுவிட்டு இறங்கினார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். சேதி அவருக்கு முன்பே லயத்துக்கு வந்திருந்தது. அம்மாக்கண்ணு பாதையோரத்தில் காத்துநின்று சொன்னாள்.

"அந்த அம்மா வீட்டுல பூ திரும்ப நீலமாயிருச்சாம். செடிய மாத்திக் குடுத்திட்டீங்களான்னு கோவமாம். இங்க சிவப்பாக்குனது யாருன்னு கேக்குறாங்களாம். அப்பு சொன்னாரு."

"என்னையத்தான் கேக்குறாங்களா?"

"வேற யாரு? மூஞ்சியக் கழுவிட்டுப் போங்க."

பீலித் தண்ணீரில் முகம் கழுவினார். நாற்பத்திரண்டும் பிழைத்திருக்கின்றன என்பதுதான் முதலில் அவர் மனதில் ஓடியது. நுவரெலியா. முற்றம் சமதரையாகத்தான் இருக்கும். சுண்ணாம்பா, தேயிலைத் தூளா, எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறம். இப்போது இரண்டு வைத்தியமும் அவருக்குத் தெரியும். இந்த மலையில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பங்களா கேட்டுவரைக்கும் அவர் நொண்டியது தெரியவில்லை என்று அப்பு பிற்பாடு சொன்னார்.

பங்களா வாசலில் சேர்மனின் லொறி நின்றது. துரை படிக்கட்டில் நின்றிருந்தார்.

"ஆண்டி, ஒரு செடிக்கு எத்தனை கை?"

"மொதல்ல ரெண்டுங்க தொரைங்களே. பெறகு நாலு. பதினைஞ்சு நாளைக்கு ஒருவாட்டி. எல மஞ்சளா வந்தா நிறுத்திப் பாக்கணுங்க. அது கிட்ட இருந்து பாத்துத்தான்…"

துரை அதை ஆங்கிலத்தில் ஒரு கடிதாசியில் எழுதிக்கொண்டார், நாலு கை என்பதுவரை. கடிதாசியை மடித்து லொறி டிரைவரிடம் கொடுத்தார். பிறகு, பண்டகசாலை வாசலில் இருந்த இரண்டு சுண்ணாம்பு மூட்டைகளைக் கையால் காட்டினார்.

"ஏத்து."

ஆண்டியப்பன் முதல் மூட்டையைத் தோளில் தூக்கினார். சமதரைதான், நொண்டிக்கொண்டே கொண்டுபோய் ஏற்றினார். இரண்டாவதையும் ஏற்றினார். லொறி போனபோது மணி பன்னிரண்டு. மலைக்குத் திரும்பிப்போக அவருக்கு ஒரு மணி நேரமாகும் என்பதால், கணக்கப்பிள்ளை அன்றைக்கும் அரைப் பேரே போட்டார்.